நட்சத்திரத்தை அழைப்பதா, பல் மருத்துவரை அழைப்பதா? வாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள் பற்றி சுங்கை சிப்புட் நண்பர்களின் கருத்து தேவை

செம்பனைத்தோட்டத்தான்:

வணக்கம். இந்த ஆண்டுத் திருவிழாவை ஒட்டி எங்கள் கோயில் இளைஞர் பிரிவு வாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள் ஒன்றை நடத்தத் தீர்மானித்திருக்கிறது. ஏன் இந்த நோய் என்று இங்கே யாரும் கேட்கமாட்டீர்கள். நம் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கன்னத்தில் துணி வைத்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியையாவது தெரிந்திருக்கும். தோட்டங்கள் கைமாறின, லயத்து வீடுகளை இடித்தார்கள், எல்லோரும் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்துவிட்டோம். இந்த நோய்க்குக் காரணமான வெற்றிலைப் பெட்டியும் கூடவே வந்துவிட்டது.

கூட்டத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. சென்னையிலிருந்து ஒரு திரைப்பட நடிகரை அழைத்துவந்து பேச வைக்கலாம் என்கிறார்கள் ஒரு சாரார். அந்தப் பணத்தில் பஸ் பிடித்து வயதானவர்களைப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போகலாம் என்கிறார்கள் மற்றவர்கள். பெரும்புள்ளி ஒருவர் மேடையேறிப் பேசினால் மக்கள் வாயைத் திறந்து காட்ட முன்வருவார்களா? அல்லது அவரோடு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்களா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேடைக்காரன்:

நடிகர் இல்லாமல் கூட்டம் சேராது. நம் ஊரில் நடந்த சர்க்கரை நோய்ப் பேச்சுக்கு நல்ல மருத்துவர் ஒருவர் வந்தார், அருமையாகப் பேசினார், மண்டபத்தில் பாதி காலியாகவே கிடந்தது. யார் கேட்க வேண்டுமோ அவர்கள் வரவில்லை.

பூப்பந்து வீரர் டத்தோ லீ சொங் வெய்யை நினைத்துப் பாருங்கள். 2018-இல் அவருக்கு மூக்குப் புற்றுநோய் என்ற செய்தி வரும்வரை அந்த நோயின் பெயரையே நம் கடைத்தெருவில் பலர் கேள்விப்பட்டதில்லை. தொடக்க நிலையிலேயே தெரிந்தது, தைவானில் சிகிச்சை பெற்றார், குணமடைந்தார். கோப்பிக் கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. மருத்துவர்கள் எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் அந்தப் பேச்சை உண்டாக்க முடியுமா?

கிள்ளான் வாசகர்:

மேடைக்காரன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் புகழ் என்ன செய்யும், எதுவரை செய்யும் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இங்கிலாந்தில் ஜேட் கூடி என்ற தொலைக்காட்சிப் பிரபலம் கருப்பைவாய்ப் புற்றுநோயால் 2009 மார்ச்சில் இறந்தார். வயது 27. நோய் கண்டது முதல் கடைசி வாரங்கள் வரை எதையும் மறைக்காமல் ஊரறியச் சொன்னார். அதை ஒட்டிய ஓராண்டில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள். அவ்வளவு பெரிய அலை. பிறகு அது வடிந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் போவதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். அழைப்புக் கடிதம் அனுப்பி, பரிசோதித்து, முடிவைச் சொல்லும் ஏற்பாடு நாடு முழுவதும் இருந்தது. அந்தப் பெண்ணின் குரல் மக்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

வாய்ப் புற்றுநோய்க்கு வருவோம். ஹாலிவுட் நடிகர் மைக்கேல் டக்ளஸ் 2010-இல் தமக்குத் தொண்டைப் புற்றுநோய் என்று அறிவித்தார். உண்மையில் அது நாக்கில் வந்தது என்பதை 2013-இல்தான் வெளியே சொன்னார். நாக்கு, தாடை என்று சொன்னாலே மக்கள் மனத்தில் எழும் பயங்கரத்தைத் தவிர்க்க மருத்துவரே அப்படிச் சொல்லச் சொன்னாராம். அவ்வளவு வசதி படைத்த மனிதருக்கும் மாதக்கணக்கில் நோய் பிடிபடவில்லை. தெரிந்தபோது நோய் முற்றிய நான்காம் நிலை. பிழைத்து வந்து, நோயைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசும் பணியில் இறங்கினார்.

என்னை அதிகம் தொட்டது பிளைத் டேனர் என்ற நடிகையின் கதை. கணவர் புரூஸ் பால்ட்ரோ இயக்குநர். வாய்ப் புற்றுநோயின் பின்விளைவுகளால் 2002-இல் இறந்தார். அந்த அம்மையார் அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றிப் பேசி, நிதி திரட்டி, முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தார். 2018-இல் தம் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, கணவருக்குத் தட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே. அதுவும் வாய்ப் புற்றுநோய்தான், வேறு வகை. அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு குணமடைந்து, 2022-இல்தான் உலகுக்குச் சொன்னார். கட்டி என்றால் என்ன என்று அறிந்த கை அது. தட்டுப்பட்டதும் அலட்சியப்படுத்தவில்லை.

இந்தியாவில் அரசியல் தலைவர் சரத் பவார் இருக்கிறார். புகையிலை, பாக்குப் பழக்கத்தால் வாயில் புற்றுநோய் வந்து 2004-இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். ஒருபக்கம் இழுத்த வாயோடு மேடை மேடையாக இன்றைக்கும் அதைச் சொல்கிறார். நோய் வராத அழகான முகம் எழுதிக் கொடுத்ததை வாசிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

லயத்து மகள்:

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடியற்காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போதே ஒரு வெற்றிலைச் சுருள் இடது கொடுப்பில் அடங்கிவிடும். பசி தெரியாது, கொசுக்கடி தெரியாது என்பார். மர வரிசையில் நடந்துகொண்டே மென்று, பாதியை ஒதுக்கிவைத்து, பத்து மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். பெட்டியில் சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி, ஈரத்துணியில் சுற்றிய புகையிலை. அந்தப் பாக்குவெட்டியை இப்போதும் வைத்திருக்கிறேன்.

அதே இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாகப் படை மாதிரி இருந்தது, வலியே இல்லை. பிறகு அதன் நடுவில் சின்னதாகப் புண். பல் செட் உரசுகிறது என்று தனியார் கிளினிக் ஒன்றில் தடவுகிற மருந்து கொடுத்தார்கள். ஆறவில்லை. மறுபடி போனோம், மறுபடி அதே மருந்து. யாரும் விளக்கடித்து உள்ளே பார்க்கவில்லை. மாதங்கள் ஓடிவிட்டன. கடைசியில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன அரசாங்கக் கிளினிக்கில் ஒரு தாதி, அம்மா பேசும்போது வாய் கோணுவதைக் கவனித்து, அன்றைக்கே பல் மருத்துவரிடம் அனுப்பினார். அங்கிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு. கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள், கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள், பிறகு கதிர்வீச்சு.

அம்மா இருக்கிறார். கரண்டியின் நுனி நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். கஞ்சியை ஓரமாகச் சாய்த்து ஊற்ற வேண்டும். மிளகாய் வாசனை பட்டாலே எரிகிறது என்பார்.

நடிகர் பேசினால் கேட்பார்களா என்று கேட்கிறீர்கள். அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். என்றால் உயிர். படத்தில் அவர் சிகரெட்டும் பிடிப்பதில்லை, குடிப்பதுமில்லை என்று சொல்லிச் சொல்லியே அப்பாவைத் திருத்தப் பார்த்தவர். சிகரெட்டும் சாராயமும் கெட்டவை என்று திரையில் பார்த்தே கற்றுக்கொண்டார். வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றி அவர் மதிக்கும் எந்த முகமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். அதனால் நடிகர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

பழைய கங்காணி:

அம்மா, உங்கள் தாயார் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சேர்ந்து வெற்றிலையைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். தாம்பூலம் மாற்றாமல் நம் வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்திருக்கிறது? என் தகப்பனார் தொண்ணூறு வயது வரை போட்டார், பல் ஒன்றுகூட ஆடவில்லை. நானும் ஐம்பது ஆண்டுகளாகப் போடுகிறேன். வேலைக்காட்டில் எங்களுக்கு இருந்த ஒரே சுகம் அதுதான். எங்கிருந்தோ வரும் நடிகர் எங்கள் பெண்களைப் பார்த்து, வெற்றிலை போடாதே, பல் கறையாகும் என்று மேடையில் சொன்னால் அது அவமானமாக இருக்கும். அந்த நடிகர்களில் பலர் பாக்குப் பொட்டலத்துக்கு விளம்பரம் செய்கிறவர்கள்தானே?

பல்தாதி:

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. மேடையில் யாரையும் அவமானப்படுத்தினால் அவர்கள் அடுத்த முறை வாயை மூடிக்கொள்வார்கள், நமக்கு வேண்டியது அவர்கள் வாயைத் திறப்பது. நான் அரசாங்கப் பல் மருத்துவச் சேவையில் இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டங்களில் மரத்தடியில் நாற்காலி போட்டு வாய் பார்த்திருக்கிறேன்.

தாம்பூலத் தட்டை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. தட்டில் வைத்துக் கொடுப்பதும், நாள் முழுக்க ஒரே கன்னத்தில் அடக்கி வைப்பதும் வேறு வேறு. புகையிலை சேர்த்த வெற்றிலைச் சுருள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-லேயே சொல்லிவிட்டது. 2004-இல் வெளிவந்த அதன் அறிக்கை, புகையிலையே சேர்க்காவிட்டாலும் சுருள் ஆபத்தானது, பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சொன்னது. நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான் என்று ஆறுதல் கொள்ளும் அக்காமார்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பாக்கிலுள்ள வேதிப்பொருள் கன்னத்தின் உள்தசையில் நார் நாராகப் பிடிக்க வைக்கிறது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கி அதை உள்ளே இறங்க விடுகிறது. கன்னம் இறுகி, வெளுத்து, வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, முன்பு சாப்பிட்ட காரம் இப்போது தாங்க முடியாமல் எரிகிறது என்றாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நார் பிறகு கரையாது. பழக்கத்தை விட்டவர்களும் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான். விடுவதால் பயன் உண்டு, ஆபத்து குறையும், ஆனால் பழைய இடம் பழையதுதான்.

லயத்து மகள் எழுதியதில் ஒரு வரியை எல்லோரும் மறுபடி படியுங்கள்: வலியே இல்லை. இந்த நோய் பெரும்பாலும் வலியோடு தொடங்குவதில்லை. துடைத்தால் போகாத வெள்ளைப் படை, வெல்வெட் போலச் சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி: இவைதான் அடையாளங்கள். வெள்ளையைவிடச் சிவப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நம் நாட்டில் இந்த நோய் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம் மற்ற இனத்தாரைவிட மிக அதிகம். பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மார்பகத்துக்கோ குடலுக்கோ இயந்திரம் வேண்டும், குழாய் விட வேண்டும். இதற்கு ஒரு விளக்கும் ஒரு சிறு கண்ணாடியும் இரண்டு கையுறைகளும் போதும். இருந்தும் தாமதம்.

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள், மருத்துவர்கள்கூட இல்லை. 2005-இல் முடிவு வந்தது: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. வெறுமனே வாயைப் பார்த்ததற்கு இந்தப் பலன்.

நம் சுகாதார அமைச்சும் 1990-களிலேயே தோட்ட மக்களைத் தேடிப் போய் வாய் பார்க்கும் வேலையைத் தொடங்கியது. லயங்களில் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள், மாலையில் போனால் பார்த்துவிடலாம். இப்போது அதே பெண்கள் பத்துத் தாமான்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களை ஓரிடத்தில் சேர்ப்பது எங்களால் ஆகாத காரியம். அதைச் செய்ய நடிகரால் முடியும் என்றால் நான் அவரை வரவேற்கிறேன்.

தைப்பிங் தம்பி:

சம்சுவை, அந்த மலிவுச் சாராயத்தை, யாரும் குறிப்பிடவில்லையே. பாக்கும் புகையிலையும் ஒரு பக்கம், மது ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்று என்னைப் பார்த்த மருத்துவர் சொன்னார். ஆண்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள்தான் வரமாட்டார்கள்.

கூலிம் ஆசிரியை:

பழைய கங்காணி ஐயா கேட்ட விளம்பரக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அமிதாப் பச்சன் ஒரு பான் மசாலா நிறுவனத்தின் விளம்பரத்தில் நடித்து, எதிர்ப்பு எழுந்ததும் 2021 அக்டோபரில் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். அக்சய் குமார் 2022 ஏப்ரலில் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டு விலகினார். ஏலக்காய் என்று பெயர் போட்டு விளம்பரம் வரும், அதே பெயரில் கடையில் தொங்குவது பாக்குப் பொட்டலம். விலகியவர்களைப் பாராட்டுகிறேன். நீங்கள் யாரை அழைத்தாலும், இதற்கு முன் எதற்கெல்லாம் முகம் கொடுத்தார் என்று விசாரித்துவிட்டு அழையுங்கள். ஒரு கையால் பாக்கை விற்று மறு கையால் வாயைக் காட்டச் சொல்பவரை நம் பிள்ளைகள் முன்னால் நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பல் தாதியர் வந்து ஒவ்வொரு பிள்ளையின் பல்லையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிள்ளையை வளர்க்கும் பாட்டியின் வாயை யாரும் பார்ப்பதில்லை. இனிப்பு தடவிய பாக்குப் பொட்டலத்தை மிட்டாய் போல் வாங்கித் தின்னும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். சிகரெட் பெட்டியில் அழுகிய வாயின் படம் போட்டிருக்கிறது. அந்தப் பொட்டலத்தில் சிரிக்கும் முகம்தான் இருக்கிறது.

மேடைக்காரன்:

சரி. நடிகர் வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மேடையில் அவர் என்ன பேச வேண்டும்? எழுதிக் கொடுத்தால் நான் அவர் தரப்பில் பேசுகிறேன்.

பல்தாதி:

மூன்று நிமிடம் போதும். புற்றுநோயை வெல்வோம் என்ற முழக்கம் வேண்டாம். ஆறாத புண் இரண்டு வாரம் தாண்டினால் பல் மருத்துவரிடம் போங்கள், பல் கிளினிக் இந்தச் சாலையில் இருக்கிறது, இன்றைக்கு மண்டபத்தின் பின்புறம் வாய் பார்க்கிறார்கள், நானும் இப்போது போய்க் காட்டப் போகிறேன். இவ்வளவுதான். சொல்லிவிட்டு அவர் மேடையிலிருந்து இறங்கி முதல் ஆளாக நாற்காலியில் உட்கார வேண்டும். உட்காரச் சம்மதிக்காதவர் வேண்டாம்.

வாய் பார்த்ததோடு வேலை முடியவில்லை. சந்தேகமானவர்களின் பெயரை எழுதி, ஈப்போவுக்கு நாள் வாங்கி, அந்த நாளில் வண்டி வைத்துக் கூட்டிப் போய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டும். என் அனுபவத்தில் பாதிப் பேர் கடிதத்தை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பயம் ஒரு காரணம், பஸ்ஸுக்கு யார் துணை வருவது என்பது இன்னொரு காரணம். கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற புற்றுநோய் ஆய்வு அமைப்பு உருவாக்கிய மெமோசா என்ற கைப்பேசிச் செயலி வழியாக வாயைப் படமெடுத்து நிபுணரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்கும் முறையும் இருக்கிறது. மாவட்டப் பல் மருத்துவ அதிகாரியிடம் இப்போதே கடிதம் கொடுத்து அதைப் பற்றியும் கேளுங்கள். குழு வருவதற்கு அவர்கள் அனுமதி வேண்டும்.

கிள்ளான் வாசகர்:

பல்தாதி அக்காவின் கருத்தை வழிமொழிகிறேன். கூடவே ஒன்று. லயத்து மகள் சம்மதித்தால், நடிகருக்கு முன்னால் அவர் பேசட்டும். சென்னை நடிகருக்குக் கொடுக்கும் விமானச் சீட்டுக் காசில் ஆறு மாதத்துக்கு வேன் வாடகை கொடுக்கலாம். நம் வானொலியில் தினமும் காலையில் எல்லோர் வீட்டிலும் ஒலிக்கும் அறிவிப்பாளர் ஒருவர் போதாதா? அவர் குரலைக் கேட்டுக்கொண்டே வெற்றிலை இடிக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள்.

லயத்து மகள்:

நான் பேசமாட்டேன், மேடையில் அழுதுவிடுவேன். அம்மாவிடம் கேட்டேன். அவரால் தெளிவாகப் பேச முடியாது. ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். அவர் மரம் வெட்டிய காலத்துக் கூட்டாளிகள் எட்டுப் பத்துப் பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர் வந்தால் அவர்களும் வருவார்கள்.

செம்பனைத்தோட்டத்தான்:

நேற்றிரவு கூட்டத்தில் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். சென்னைத் திட்டத்தைக் கைவிட்டோம். வானொலி அறிவிப்பாளர் ஒருவரிடம் பேசியிருக்கிறோம், நாற்காலியில் உட்காரவும் ஒப்புக்கொண்டார், பணம் எதுவும் கேட்கவில்லை. மிச்சமாகும் தொகை முழுவதும் வேன் வாடகைக்கு. மாவட்டப் பல் மருத்துவ அலுவலகத்துக்குக் கடிதம் திங்கட்கிழமை போகிறது. கார் வைத்திருக்கும் உறுப்பினர்கள் மாதத்தில் ஒரு வேலை நாளை ஈப்போவுக்கு ஒதுக்க முடியுமானால் தனிச்செய்தியில் பெயர் கொடுங்கள். இதுவரை நான்கு பேர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் வேண்டும்.

பழைய கங்காணி:

நானும் வருகிறேன். மூன்று விரல் வைத்துப் பார்த்தேன், இரண்டுதான் நுழைகிறது. ஆனால் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து காட்ட என்னால் முடியாது. மறைவாக ஏற்பாடு செய்வீர்களா?

பல்தாதி:

திரை கட்டச் சொல்லிவிட்டேன் ஐயா. ஆண்களுக்குத் தனி வரிசை. ஆனால் இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் திருவிழாவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே பல் கிளினிக்குக்குப் போங்கள், துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். காலையில் வெற்றிலை போடாமல், வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வாருங்கள், கறை இருந்தால் திட்டு தெரியாது. பல் செட் வைத்திருந்தால் கழற்றி வைக்க ஒரு டப்பாவும் கொண்டு வாருங்கள்.